அழிப்பதால் பெயர் வாங்கிய பொருள்: பழைய கேமரா மெமரி கார்டுகளை நம்பலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் மட்டும் எடுத்திருக்கிறோம்.)

இந்த எபிசோடு ஒரு சம்படத்திலிருந்து ஆரம்பிக்குது.

போன பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் போயிருந்தேன். மாமா அங்கே இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று சுத்துப்பட்டு ஊர்களில் அவர் எடுக்காத படம் கிடையாது. ஸ்டுடியோவை மூடிவிட்டார். பரணில் கிடந்த ஒரு எவர்சில்வர் சம்படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். திறந்தால் உள்ளே 11 மெமரி கார்டுகள். கம்பாக்ட் ஃபிளாஷ் நாலு, எஸ்டி அஞ்சு, எக்ஸ்டி பிக்சர் கார்டு ஒன்று, அடாப்டரோடு ஒரு மைக்ரோ எஸ்டி.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர்காரன்தான? இதுல எது நல்லாருக்கு, எது போச்சுன்னு பாத்துச் சொல்லு. நல்லது இருந்தா பேரன் கேமராவுக்குப் போட்டுக்கிடலாம்."

இது ஒரே கேள்வி மாதிரி இருக்கு. உண்மையில் இரண்டு. ஒன்று, இந்தக் கார்டில் முன்பு எழுதியது இன்னும் இருக்கிறதா? இன்னொன்று, இனிமேல் இதில் எழுதுவதை நம்பலாமா? இரண்டையும் ஒன்றாக நினைத்து நான் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். அதைக் கடைசியில் சொல்றேன். அந்தத் தப்பு ஏன் நடந்தது என்று புரிய, இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கணும்.

கதவில்லாத அறை

1967. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் சே என்ற இருவர் ஒரு புது வகை டிரான்சிஸ்டரை விவரிக்கிறார்கள். சாதாரண டிரான்சிஸ்டருக்கு நடுவில் ஒரு சின்னக் கடத்தித் தீவு. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மின்சாரம் போகாத காப்புச் சுவர். அதற்கு மிதக்கும் கேட் என்று பெயர்.

ஒரு அறை, நாலு பக்கமும் சுவர், கதவே இல்லை என்று வெச்சுக்குங்க. மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களைச் சுவர் வழியாகவே உள்ளே தள்ளுகிறோம். மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை உள்ளேயே இருக்கும். உள்ளே இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. இன்று உங்கள் பாக்கெட்டில் இருக்கும் கார்டு வரைக்கும் அடிப்படை இதுதான். புதிய சிப்புகள் பலவற்றில் அந்தத் தீவுக்குப் பதில் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கும் ஒரு படலம் இருக்கிறது. ஆனால் கதை அதேதான்.

இதற்குள்ளேயே இரண்டு நோயும் இருக்கு. சுவர் வழியாகத் தள்ளும் ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் சேதமாகிறது. அதனால்தான் எழுதி அழிக்க ஒரு எண்ணிக்கை வரம்பு. எவ்வளவு நல்ல சுவராக இருந்தாலும் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். அதனால்தான் வைத்திருக்கும் காலத்துக்கும் ஒரு வரம்பு. சுவர் சேதமாகியிருந்தால் கசிவு வேகமாகும். சூடு இருந்தால் இன்னும் வேகமாகும். திருநெல்வேலி வெயிலில், ஓட்டுக்குக் கீழே, பரண்ல எத்தனை கோடை போயிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

1971-ல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் இந்த யோசனையை விற்கக்கூடிய சிப்பாக்கினார். பெயர் ஈபிராம். எழுதுவது மின்சாரத்தால். அழிப்பதற்கு? சிப்பின் தலையில் ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும். அதன் வழியாகப் புற ஊதா ஒளியைச் சுமார் 20 நிமிடம் காட்டணும். பழைய கம்ப்யூட்டர் போர்டுகளில் சிப் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. வெளிச்சம் பட்டு அழியக்கூடாது என்றுதான் அந்த ஸ்டிக்கர்.

அப்புறம் மின்சாரத்தாலேயே அழிக்கும் ஈஈபிராம் வந்தது. ஒவ்வொரு பைட்டாகத் தனித்தனியே அழிக்கலாம். வசதிதான். ஆனால் ஒவ்வொரு பிட்டுக்கும் கூடுதல் டிரான்சிஸ்டர் தேவைப்பட்டது. இடம் அதிகம், விலையும் அதிகம்.

மசுவோகாவின் பேரம்

இங்கேதான் ஃபுஜியோ மசுவோகா வருகிறார். ஜப்பானின் தோஷிபாவில் இன்ஜினியர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஒவ்வொரு பைட்டையும் தனியாக அழிக்கும் வசதியை விட்டுக்கொடுத்தால் என்ன? ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக ஒரே அடியில் அழித்தால், ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதும். சிப் சின்னதாகும், விலை விழும்.

1984-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மின்னணுச் சாதன மாநாட்டில் இதை அறிவித்தார். பெயர் வைத்தது அவருடன் வேலை பார்த்த ஷோஜி அரிஇஸுமி. மொத்தத் தொகுதியும் ஒரே நொடியில் காலியாவதைப் பார்த்து அவருக்குக் கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சம் ஞாபகம் வந்ததாம். ஃபிளாஷ் மெமரி என்று பெயர் நின்றுவிட்டது.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் நிற்கணும். இந்தப் பொருள் கேமராவுக்குள் போவதற்குப் பல வருஷம் முன்பே கேமராவிலிருந்து பெயர் வாங்கிவிட்டது. அந்தப் பெயரும் அது படத்தை வைத்திருப்பதால் வரவில்லை, வேகமாக அழிப்பதால் வந்தது. அதன் முதல் திறமையே அதுதான்.

1987-ல் மசுவோகா குழு நாண்ட் வகையை வெளியிட்டது. இன்னும் அடர்த்தி, இன்னும் மலிவு. மெமரி கார்டுகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. ஆனால் முந்தைய நார் வகையை 1988-ல் பெரிய வியாபாரமாக முதலில் ஆக்கியது இன்டெல். மசுவோகா 1994-ல் தோஷிபாவை விட்டு தோஹோகு பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு வரவில்லை என்று 2004-ல் பழைய கம்பெனி மேல் 100 கோடி யென் கேட்டு வழக்குப் போட்டார். 2006-ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. தோஷிபாவின் அந்த மெமரிப் பிரிவே பின்னால் தனிக் கம்பெனியாகி, 2019-ல் கியோக்சியா என்று பெயர் மாறியது.

சம்படத்துக்குள் ஒரு அருங்காட்சியகம்

கோடாக்கில் ஸ்டீவன் சாசன் 1975-ல் செய்த டிஜிட்டல் கேமரா படத்தைக் கேசட் டேப்பில் பதிந்தது. ஒரு படத்துக்கு 23 நொடி. 1988-ல் ஃபுஜி காட்டிய ஒரு மாதிரி கேமராவில் கார்டு இருந்தது. ஆனால் பேட்டரி தீர்ந்தால் படமும் போய்விடும் வகை நினைவகம் அது. மின்சாரம் இல்லாமல் படத்தை வைத்திருக்கும் கார்டுக்கு மசுவோகாவின் சிப் தேவைப்பட்டது.

1988-ல் எலி ஹராரி, சஞ்சய் மெஹ்ரோத்ரா, ஜாக் யுவான் மூவரும் சன்டிஸ்க் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 1995-ல் பெயர் சான்டிஸ்க் ஆனது. அவர்கள் 1994-ல் கொண்டுவந்ததுதான் கம்பாக்ட் ஃபிளாஷ். அடுத்த வருஷமே தோஷிபா ஸ்மார்ட்மீடியாவை இறக்கியது. 1998-ல் சோனி மெமரி ஸ்டிக். 1999-ல் பானசோனிக் கம்பெனியும் சான்டிஸ்க்கும் தோஷிபாவும் சேர்ந்து எஸ்டி கார்டை அறிவித்தன. 2002-ல் ஒலிம்பஸும் ஃபுஜிஃபிலிமும் எக்ஸ்டி. ஆளுக்கொரு வடிவம், ஆளுக்கொரு ரீடர். 2010-ல் சோனியே தன் கேமராக்களில் எஸ்டிக்கு இடம் கொடுக்க ஆரம்பித்தபோது சண்டை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் கார்டு விலை அதிகம். மாமா சொன்னது: "ரெண்டே கார்டு வெச்சு ஒரு முகூர்த்த சீசன ஓட்டுனேன். ராத்திரி கம்ப்யூட்டர்ல ஏத்தி, சிடில அடிச்சு, கார்ட ஃபார்மட் பண்ணி, விடியக்காலம் அடுத்த கல்யாணம்." கார்டை உருவாக்கினவங்க நினைத்ததும் அதேதான். கேமராவிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் படத்தைச் சுமந்து வரும் ஒரு கூடை. பிறகு விலை இறங்கியது. நாம் கூடையைக் காலி பண்ணுவதை நிறுத்தினோம். நிறைந்த கார்டை டிராயரில் போட்டு, புதுசு வாங்கினோம். கூடை எப்போது பெட்டகம் ஆனதுன்னு யாருமே கவனிக்கல.

மலிவுக்குக் கொடுத்த விலை

ஒரு குடத்தில் தண்ணீர் இருக்கா இல்லையா என்று மட்டும் பார்ப்பது சுலபம். கொஞ்சம் ஆவியானாலும் பதில் மாறாது. ஆரம்பகால செல்கள் இப்படித்தான். ஒரு செல்லில் ஒரு பிட், இரண்டே நிலை. இதுதான் எஸ்எல்சி. கொள்ளளவைக் கூட்ட, ஒரே செல்லில் இரண்டு பிட் வைத்தார்கள். குடத்தில் நாலு அளவுக்கோடு. அப்புறம் மூன்று பிட், எட்டுக் கோடு. இப்போது நாலு பிட், பதினாறு கோடு. கோடுகள் நெருங்க நெருங்க, கொஞ்சம் கசிந்தாலே பதில் மாறிவிடும்.

எழுதி அழிக்கும் எண்ணிக்கையும் அதே போக்குதான். எஸ்எல்சிக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது சுமார் 1 லட்சம் முறை. இரண்டு பிட் செல்லுக்குச் சில ஆயிரம் முதல் 10,000 வரை. மூன்று பிட்டுக்குப் பெரும்பாலும் ஆயிரக்கணக்கின் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அதனால் 2003-ல் வாங்கிய 64 எம்பி கார்டு, போன வருஷம் வாங்கிய மலிவு கார்டை விடத் தன் படங்களைக் கெட்டியாகப் பிடித்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பழசுன்னா பலவீனம்னு அர்த்தம் இல்லை.

தண்ணீரும் அடியும்கூட நாம் நினைக்கிற அளவு எதிரி இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாய்லாந்தின் காவோ லாக் கடற்கரையில் ஒரு கனடா தம்பதி இறந்துபோனார்கள். அவர்களுடைய நொறுங்கிய கேமரா பின்னால் ஒரு நிவாரணப் பணியாளர் கையில் கிடைத்தது. கேமரா போச்சு. உள்ளிருந்த கார்டு படித்தது. அலை கிட்டே வருவது வரைக்கும் அவர்கள் எடுத்த படங்கள் அதில் இருந்தன. அவை அவர்களுடைய பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன.

பேசாத காவலாளி

அப்படின்னா கார்டையே கேட்டுவிடலாமே, "உனக்கு உடம்பு எப்படி?" என்று? ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் தங்கள் உடல்நிலையை ஓரளவு சொல்லும். நாம் கடையில் வாங்கும் சாதாரண கார்டு பெரும்பாலும் சொல்லாது.

உள்ளே ஆள் இல்லாமல் இல்லை. ஸ்மார்ட்மீடியா, எக்ஸ்டி மாதிரி சிலவற்றைத் தவிர, ஒவ்வொரு கார்டுக்குள்ளும் கன்ட்ரோலர் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. கெட்டுப்போன பகுதிகளை ஒதுக்கி வைப்பது, பிட் பிழைகளைத் திருத்துவது, எழுதுவதை எல்லா இடத்துக்கும் பரப்புவது எல்லாம் அதன் வேலை. 2013 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஆண்ட்ரூ ஹுவாங்கும் அவர் கூட்டாளியும் இந்தக் கன்ட்ரோலருக்குள் தங்கள் சொந்த நிரலை ஓட விட்டுக் காட்டினார்கள். அப்போது அவர்கள் சொன்ன ஒரு விஷயம் முக்கியம். கார்டுக்குள் போகும் சிப்பின் தரம் முதல் தரத்திலிருந்து 80 சதவீதத்துக்கு மேல் பகுதிகள் கெட்டது வரை எதுவாகவும் இருக்கலாம். அதை மறைத்து நல்ல கார்டாகக் காட்டுவது கன்ட்ரோலர்தான்.

ஆக, பிழை இருக்கும், திருத்தப்படும், நமக்குத் தெரியாது. திருத்த முடியாத அளவு பிழை சேர்ந்த அன்றைக்குத்தான் தெரியும். நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சேன்னு நாம சொல்றது அதனாலதான்.

இந்தத் திறமையைத்தான் போலிக் கார்டுக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். 2 ஜிபி சிப்பைப் போட்டு, 32 ஜிபி என்று பொய் சொல்லக் கன்ட்ரோலருக்குப் பழக்கினால் போதும். கம்ப்யூட்டர் நம்பிவிடும். 2 ஜிபிக்கு மேல் எழுதுவது காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே விழும். இதைப் பிடிக்க ஜெர்மனியின் சிடி பத்திரிகை வழியாக ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற நிரல் வந்தது. அதே வழிமுறையில் லினக்ஸுக்கு எஃப்3. முறை ரொம்ப எளிது. காலி இடம் முழுக்கத் தெரிந்த டேட்டாவை எழுதும். பிறகு ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிடும். எத்தனை சரி, எத்தனை காணோம் என்று கணக்குச் சொல்லும்.

என் தப்பு

சம்படத்தைத் திறந்த அன்று ராத்திரி, எது காலியோ அதிலிருந்து ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். படம் இருக்கும் கார்டைத் தொட்டால்தானே ஆபத்து? 256 எம்பி கம்பாக்ட் ஃபிளாஷ் ஒன்று. திறந்தேன், ஒரு ஃபைல்கூட இல்லை. எஃப்3 ஓட விட்டேன். சில நிமிஷத்தில் முடிந்தது. நூற்றுக்கு நூறு சரி, ஒரு பிட் பிசகவில்லை. சந்தோஷமாக மாமாவிடம் காட்டினேன்.

மாமா கார்டைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் பேனாவால் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது.

"இது ஆச்சி படம் எடுத்த கார்டுல்லா?"

2006-ல் ஆச்சியை ஸ்டுடியோவில் உட்கார வைத்து மாமா படம் எடுத்திருக்கிறார். எனக்கு அப்போது எட்டு வயது, ஆச்சி மடியில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கு. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கார்டை ஃபார்மட் பண்ணினார். அந்தக் கார்டில் ஒரு பின் துளை சேதமான மாதிரி இருந்ததால் அப்புறம் வேலைக்கு எடுக்கவே இல்லை. பிரிண்ட் போட நேரம் வருவதற்குள் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. இன்றைக்கு வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கும் ஆச்சி படம் வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது.

கேமராவில் சாதாரணமாக ஃபார்மட் பண்ணும்போது பெரும்பாலும் ஃபைல் பட்டியல் மட்டும்தான் அழியும். படங்கள் அடியில் அப்படியே கிடக்கும். மேலே புதிதாக எதுவும் எழுதாதவரை ஃபோட்டோரெக் மாதிரி நிரலால் அவற்றைத் தோண்டி எடுக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கார்டில் 2006-க்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அதன் ஒவ்வொரு அங்குலத்திலும் எழுதியவன் நான். காலி இடத்தில் மட்டும்தான் எழுதினேன். ஆச்சி இருந்தது அந்தக் காலி இடத்தில்.

பிறகு ஃபோட்டோரெக் ஓட விட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கார்டு அவ்வளவு நல்ல கார்டு, நான் எழுதியதை ஒழுங்காக எழுதிக்கொண்டுவிட்டது. மாமா ஒன்றும் திட்டவில்லை. "சரி விடு"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வரிசைதான் முக்கியம்

மீதி 10 கார்டுக்கு நான் பின்பற்றிய வரிசையைச் சொல்றேன்.

முதலில், எஸ்டி கார்டாக இருந்தால் பக்கவாட்டில் இருக்கும் பூட்டைத் தள்ளிவிடுங்கள். அது ரீடருக்குக் காட்டும் ஒரு சைகை மட்டும்தான், கார்டு தன்னைத்தானே காத்துக்கொள்ளாது. ஆனாலும் உதவும். கார்டைச் செருகியதும் கம்ப்யூட்டர் சின்ன ஃபைல்களை அதில் எழுத வாய்ப்புண்டு. "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் எந்தக் காரணத்துக்கும் சரி சொல்லாதீர்கள். பழைய எஸ்டி ரீடரில் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஹெச்சி கார்டு வேலை செய்யாது. அது கார்டின் கோளாறு இல்லை.

இரண்டாவது, ஃபைல்களை இழுத்துப் போடுவதற்குப் பதில் கார்டை முழுசாகப் பிம்பம் எடுங்கள். காலி இடத்தையும் சேர்த்து, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை. டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இதற்கு நல்லது. படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது, தாண்டிப்போய்க் கடைசியில் திரும்பி வரும்.

மூன்றாவது, கார்டைக் கழற்றி மாட்டி, அதே மாதிரி இரண்டாவது பிம்பம் எடுத்து, இரண்டின் செக்சம்மையும் ஒப்பிடுங்கள். எதுவும் எழுதாமலேயே இரண்டு முறை படித்து இரண்டு பதில் வந்தால், அந்தக் கார்டையோ ரீடரையோ நம்பக்கூடாது. ரீடரை மாற்றியும் அப்படித்தான் என்றால் கார்டுதான்.

நாலாவது, தோண்டுவது எல்லாம் பிம்பத்தில். கார்டைத் தொடாதீர்கள். கிடைத்ததை இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் எஃப்3 அல்லது ஹெச்2டெஸ்ட்டபிள்யூ. அதிலும் ஒரு விஷயம் இருக்கு. எழுதிய உடனே படித்துப் பார்ப்பது, கார்டு இப்போது எழுதுமா என்பதை மட்டும்தான் சொல்லும். வைத்திருக்குமா என்று சொல்லாது. அதற்குக் காலம்தான் சோதனை. சோதனை ஃபைல்களை அப்படியே விட்டு, ரெண்டு மூணு மாசம் கழித்து மறுபடி படிக்க மட்டும் செய்து பாருங்கள். எஸ்எஸ்டிக்கான ஜெடெக் தரநிலையே, எழுதும் வரம்பு முழுக்கத் தேய்ந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் 1 வருஷம் டேட்டாவை வைத்திருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறது. ஆயுசுக்கும் என்று எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போடவில்லை.

சம்படத்தின் கணக்கு

11 கார்டை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனாலும் கணக்கு இது. கம்பாக்ட் ஃபிளாஷ் நாலும் நல்ல நிலை, ஆச்சி கார்டையும் சேர்த்து. எஸ்டி அஞ்சில் நாலு சரி, ஒன்று இரண்டு முறை படித்தால் இரண்டு பதில் சொன்னது. எக்ஸ்டி முதலில் வாயே திறக்கவில்லை. தொடுமுனைகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, மாமாவின் பழைய கேமராவிலேயே போட்டுக் கேபிள் மாட்டியதும் படித்தது. எல்லாவற்றிலும் புதுசான மைக்ரோ எஸ்டி, 32 ஜிபி என்று அச்சடித்தது, உண்மையில் 2 ஜிபி.

பேரன் கேமராவுக்கு? சோதனையில் தேறியதே ஆனாலும் நான் கொடுக்கவில்லை. புதுசாக ஒன்று நம்பகமான கடையில் வாங்கி, முதல் நாளே சோதித்துக் கொடுத்தேன். திரும்ப எடுக்க முடியாத நாளைப் பழைய கார்டில் எடுக்க வேண்டாம்.

எஸ்டி கார்டு ஒன்றின் காலி இடத்திலிருந்து 2007-ல் நடந்த ஒரு கல்யாணத்தின் 140 படங்கள் வந்தன. மாமா பார்த்ததும் வீட்டைச் சொல்லிவிட்டார். பொண்ணோட அப்பா இப்போது இல்லை. அதில் அவர் பந்தியில் நின்று பரிமாறும் படம் ஒன்று இருந்தது. மாமா அதைப் பிரிண்ட் போட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

உங்கள் வீட்டு டிராயரிலும் ஒன்றிரண்டு கார்டு இருக்கும். காலியாகத் தெரிந்தாலும் முதலில் பிம்பம் எடுங்கள், அப்புறம் சோதியுங்கள். பின்னால் பேனாவில் ஏதாவது எழுதியிருந்தால் வீட்டில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.